கந்தரோடையில் பத்து நிமிடமா, ஒரு காலைப்பொழுதா?

தங்கச்சி, நீங்கள் கேட்டது இதுதான். ஜூலைக் கடைசியில் கனடாவிலிருந்து குடும்பத்தோடு யாழ்ப்பாணம் வந்து கோண்டாவிலில் சொந்தக்காரர் வீட்டில் நிற்கப் போகிறீர்கள். ஒரு நாளை ஒதுக்கி, பழைய துறவிகள் வாழ்ந்த இடங்களையும் நம்மூர்த் தோட்டந்துரவையும் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசை. பழைய பௌத்தத் தூபிகள் இருக்கும் கந்தரோடைக்குப் போய் வந்தவர்கள் "கந்தரோடையில் பத்து நிமிடத்துக்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை" என்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், வெயிலுக்கும் பயம். போகலாமா, போனால் வேறு எதைச் சேர்ப்பது?

போங்கள். சுன்னாகத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் 27 வருடம் வரலாறு படிப்பித்தவன் நான். கந்தரோடைக்கு எத்தனை தரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. பத்து நிமிடம் என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. வேலி போட்ட சிறிய காணி, புல்தரை, சாம்பல் நிறத்தில் கவிழ்த்து வைத்த சட்டிகள் போல இருபதுக்குக் கிட்டிய தூபிகள், பெரிதும் சிறிதுமாக, ஒன்றோடொன்று நெருங்கி, சுற்றிவரப் பனை. படம் எடுத்துவிட்டு வாகனத்தில் ஏறப் பத்து நிமிடம் போதும். ஆனால் அந்த இடம் வேலியோடு முடிவதில்லை. துறவிகளின் மடமான பள்ளி இருந்த இடம் வேலிக்கு உள்ளே என்றால், அந்தப் பள்ளிக்குச் சோறு போட்ட ஊர் வேலிக்கு வெளியே. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கந்தரோடை விளங்கும். அதற்கு ஒரு காலைப்பொழுது வேண்டும்.

முதலில் நேரம். ஜூலைக் கடைசி என்றால் ஆடி. சோளகக் காற்று அடித்துக்கொண்டிருக்கும், வெயில் அதற்குள் ஒளிந்திருக்கும். காற்று வீசுவதால் சூடு தெரியாது, தலையிடி பிறகுதான் வரும். ஒருமுறை வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பம் ஒன்றை நான் மத்தியானம் 12 மணிக்குக் கந்தரோடைக்குக் கூட்டிப்போனேன். அவர்களுடைய பாட்டி தூபிகளுக்கு நடுவே தலைசுற்றி இருந்துவிட்டார். முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். அன்றிலிருந்து விடிய 7 மணிக்குப் பிந்தி யாரையும் கூட்டிப்போவதில்லை. காலை வெயில் சாய்வாக விழும்போது தூபிகளின் நிழல் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கும். மத்தியானத்தில் அந்த அழகும் இல்லை.

ஆறரைக்கு வெளிக்கிட்டால் காங்கேசன்துறை வீதியால் இணுவில், மருதனார்மடம் தாண்டிச் சுன்னாகம். அங்கிருந்து மேற்கே திரும்பினால் இரண்டு மூன்று கிலோமீற்றரில் கந்தரோடை. ரயிலில் வர ஆசையென்றால் சுன்னாகம் நிலையத்தில் இறங்கி ஓட்டோ பிடிக்கலாம். பிள்ளைகளுக்கு அது சந்தோஷமாக இருக்கும், ஆனால் அம்மாவுக்காக வான் பிடிப்பதே நல்லது.

உள்ளே போனதும் பிள்ளைகள் கேட்கப்போகும் கேள்வி, "இது என்ன?" இவை பௌத்தத் தூபிகள். யாருடைய நினைவுக்கு எழுப்பினார்கள் என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒருமித்த கருத்தில்லை. துறவிகளின் எலும்போ சாம்பலோ வைத்துக் கட்டியவை என்பது ஒரு கருத்து. நேர்த்திக்கு அடியார்கள் கட்டியவை என்பது இன்னொன்று. நச்சுக் காளானைத் தின்று இறந்துபோன அறுபது துறவிகளின் சமாதி என்று ஒரு செவிவழிக் கதையும் உண்டு. பெருங்கற்காலத்து ஈமச் சடங்கு பௌத்தத்துக்குள் வந்து சேர்ந்ததன் தொடர்ச்சி என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கடைசிக் கருத்துத்தான் மனதுக்குப் பிடிக்கும். இறந்தவரை மண்ணில் வைத்து மேலே கல் அடுக்கிய சனம், புது மதம் வந்தபோது பழைய பழக்கத்தைக் கைவிடாமல் அதற்கு வட்ட வடிவம் கொடுத்திருக்கலாம். இப்படிச் சிறு தூபிகள் குவிந்திருக்கும் இடம் நம் பக்கத்தில் அரிது. ஆந்திராவில் அனகாப்பள்ளிக்குப் பக்கத்துச் சங்கரத்தில் பாறையிலேயே செதுக்கிய தூபிக் கூட்டம் இருக்கிறது. வங்காள விரிகுடாவின் இரு கரையிலும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள்.

ஒன்றைப் பிள்ளைகளுக்கு நேர்மையாகச் சொல்லிவிடுங்கள்: நீங்கள் காணும் அரைக்கோளங்கள் எல்லாம் அப்படியே ஆயிரம் வருடம் நின்றவை அல்ல. 1967இல் தொல்லியல் திணைக்களம் இங்கே அகழ்ந்தது. அடித்தளங்கள்தான் பெரும்பாலும் பழையவை. மேற்பகுதி பலவற்றில் பிறகு கட்டி எழுப்பியது. குனிந்து அடிவரிசையைப் பாருங்கள். முருகைக்கல்லின் பொந்துகளும் கடற்சிப்பி பதிந்த தடங்களும் தெரியும். கடலுக்கு அடியில் உயிரோடு வளர்ந்த கல்லை வெட்டி வந்து துறவிக்கு நினைவிடம் கட்டியிருக்கிறார்கள். என் மாணவர்கள் அந்த இடத்தில்தான் கூடுதலாக நேரம் நிற்பார்கள். தூபிமேல் ஏற விடாதீர்கள். வழிபாட்டிடமாகவும் மதிக்கப்படும் இடம், உடுப்பிலும் கொஞ்சம் கவனம் வேண்டும்.

இந்த இடத்தை உலகத்துக்குத் தெரியப்படுத்தியவரின் பெயர் போல் ஈ. பீரிஸ் (Paul E. Pieris). யாழ்ப்பாணத்தில் நீதிபதியாக இருந்த காலத்தில் ஆராய்ந்து, 1917இலும் 1919இலும் எழுதினார். அவருக்குக் கிடைத்தவற்றில் எனக்கு மறக்க முடியாதது கண்ணுக்கு மை தீட்டும் செப்புக் குச்சி. நாணயத்தையும் சிலையையும் பார்த்தால் அரசரும் வணிகரும் நினைவுக்கு வருவார்கள். மைக்குச்சியைப் பார்த்தால் ஒரு பெண் நினைவுக்கு வருவாள். பிறகு 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் குழு அகழ்ந்தது. அதில் இருந்த விமலா பெக்லி பின்னாளில், உரோமரோடு வணிகம் நடந்த பழைய துறைமுகமான புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டிலும் அகழ்ந்தவர். அரிக்கமேட்டில் கிடைப்பது போன்ற, உட்புறத்தில் வளையம் வளையமாகப் புள்ளிக்கோடு ஓடும் பாண்டங்கள் கந்தரோடையிலும் உண்டு. உரோம நாணயம், பாண்டிய நாணயம், இலட்சுமி உருவம் பொறித்த செப்புத் தகடு, பிராமி என்ற பழைய எழுத்துப் பொறித்த ஓடு எல்லாம் இந்த ஊர் மண்ணில் வந்தவை. ஊர் கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளிலேயே இருந்தது. தூபிகள் அதற்குப் பிந்தியவை. நம் பழைய வரலாற்று மரபு சொல்லும் கதிரமலை என்ற தலைநகரம் இதுதான் என்றும் சொல்வார்கள்.

இனி வேலிக்கு வெளியே வாருங்கள். என் விடையின் பாதி இங்கேதான் இருக்கிறது.

வாகனத்தை நிற்பாட்டிவிட்டு, குளமும் வயலும் இருக்கும் பக்கமாக ஆறுதலாக நடந்து போங்கள். அம்மா நிழலில் இருக்கட்டும். யாழ்ப்பாணத்தில் ஆறில்லை என்று படித்திருப்பீர்கள். ஒன்று உண்டு: வழுக்கையாறு. தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கம் தொடங்கிக் கந்தரோடை வழியாக அராலியில் கடல்நீரேரிக்குப் போகும். மாரியில் மட்டும் ஓடும். ஆடியில் நீங்கள் காண்பது காய்ந்து வெடித்த தரை, மேயும் மாடு, வெறும் வயல். அந்த வயலில் வருடம் ஒரே போகம், அதுவும் மழையை நம்பி. ஆனால் அந்த வயலுக்கு முதுகு காட்டித் திரும்பினால் செம்பாட்டு மண். பச்சைப் பசேல் என்ற தோட்டம். ஒரு காலடி இந்தப் பக்கம் வைத்தால் நெல்லுக்கு மழைத்தண்ணி, அந்தப் பக்கம் வைத்தால் மரக்கறிக்குக் கிணற்றுத்தண்ணி. இரண்டு மண்ணும் சந்திக்கும் விளிம்பில் ஊர் உட்கார்ந்தது தற்செயல் அல்ல. துறவி உழுவதில்லை, பிச்சைப் பாத்திரத்தோடு வருபவர். நாள்தோறும் பல பாத்திரங்களை நிரப்பக்கூடிய ஊர் இருந்தால்தான் ஒரு பள்ளி நிலைக்கும். வடமேற்கே மாதகலில் சம்பில்துறை என்ற பழைய துறைமுகம், தெற்கே கடல்நீரேரி, நடுவே நெல்லும் தண்ணியும்: வணிகர் தங்குவார், வணிகரோடு துறவியும் வருவார்.

தோட்டத்துக்குள் போக விருப்பமென்றால் வேலிக்கு வெளியே நின்று ஒரு குரல் கொடுங்கள். கனடாவிலிருந்து பிள்ளைகளோடு வந்திருக்கிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்பவரை நான் காணவில்லை. விடியற்காலை இறைப்பு நடக்கும். முன்பு துலா மிதித்தார்கள், இப்போது மோட்டர். ஆனால் தண்ணி மாறும் வேலை மாறவில்லை. வாய்க்காலால் வரும் தண்ணியை ஒரு பாத்தி நிரம்பியதும் மண்வெட்டியால் ஒரு கொத்து மண்ணைத் தூக்கி அடைத்து, அடுத்த பாத்தியின் வாயைத் திறப்பார்கள். செம்பாட்டு மண் தண்ணியைக் குடிக்கும்போது கறுத்து, வாழைத்தடலைச் சுற்றிக் குமிழி விடும். உங்கள் பிள்ளைகளுக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பாத்தியில் நிற்கக் கொடுத்தால் போதும், அன்றைய பொழுதில் வேறு எதுவும் தேவைப்படாது.

இங்கேதான் ஒரு மாரி முடிந்த கையோடு, வாழைக்குக் கொத்திப் போட்ட மண்ணில் என் மாணவி ஒருத்தி ஓட்டுத்துண்டு ஒன்றைக் கண்டெடுத்தாள். உள்ளங்கையளவு கூட இல்லை. உட்புறமும் வாயும் கறுப்பு, வெளிப்புறம் சிவப்பு, மழை கழுவியதில் பளபளவென்றிருந்தது. "இரண்டு நிறம் பூசினவையோ சேர்?" என்று கேட்டாள். பூசவில்லை. பானையைக் கவிழ்த்து வைத்துச் சூளை போட்டால் உட்புறத்துக்கும் வாய்க்கும் காற்றுப் படாது, கறுக்கும். வெளிப்புறத்துக்குக் காற்றுப் படும், சிவக்கும். இரண்டாயிரம் வருடத்துக்கு மேற்பட்ட ஒரு கைவேலையின் அடையாளம் அது. விளிம்பில் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, படம் எடுத்து, எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னேன். முகம் சுருங்கிப்போனாள், ஆனால் வைத்தாள். உங்கள் பிள்ளைகள் எதையாவது கண்டாலும் அப்படியே செய்யச் சொல்லுங்கள். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம் இருக்கிறது, அது ஒரு காரணம். ஓடு கிடந்த மண்ணிலிருந்து பிரிந்தால் அது வெறும் ஓடாகிவிடும், அதுதான் பெரிய காரணம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் யாராவது பிள்ளைகளின் காதில் போடுவார்கள். இது தமிழருக்குச் சம்பந்தமில்லாத இடம் என்று ஒரு சாரார் சொல்வதும், அந்தப் பேச்சுக்குப் பயந்து நம்மவர் பலர் அந்தப் பக்கமே போகாமல் விடுவதும் எனக்குப் பெரிய வருத்தம். பௌத்தம் தமிழருக்கு அந்நியமாக இருந்ததில்லை. மணிமேகலையின் கையில் அமுதசுரபி வந்து சேர்வதே மணிபல்லவத் தீவில். அதை நயினாதீவு என்று அடையாளம் காண்பவர்கள் உண்டு. நாகபட்டினத்தில் இராசராச சோழன் காலத்தில் விகாரை எழுந்தது. வல்லிபுரத்தில் 1936இல் கிடைத்த பொன்னேடு அநுராதபுரத்து வசப மன்னன் காலத்தில் இங்கே ஒரு விகாரை கட்டப்பட்டதைச் சொல்கிறது. ஆனைக்கோட்டையில் 1980களின் தொடக்கத்தில் அகழ்ந்தபோது, எலும்புக்கூட்டோடு கிடைத்த முத்திரையில் 'கோவேத' என்று பிராமியில் இருந்தது; 'கோ' தமிழில் அரசன். இத்தனை பேரும் நடந்துபோன மண் இது. தூபியைக் கட்டியவன் வீட்டில் என்ன மொழி பேசினான் என்று கல்லைப் பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது. ஆனால் நாம் போகாமல் விட்டால், நமக்கும் அதற்கும் உறவில்லை என்று நாமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

ஒன்பது மணிக்குச் சுன்னாகம் வந்து சாப்பிடுங்கள். சந்தைக்குள் ஒரு சுற்றுப் போய் வாழைக்குலைகள் இறங்குவதைப் பாருங்கள். இதரையும் கதலியும் கப்பலும் பிள்ளைகள் ஒன்றொன்றாகத் தின்று பார்க்கட்டும். கறுத்தக்கொழும்பான் கிடைத்தால் விலை பேசாமல் வாங்குங்கள், பருவத்தின் கடைசியாக இருக்கும்.

அடுத்து நிலாவரைக் கிணறு, புத்தூருக்குப் பக்கத்து நவக்கிரியில். அரை மணித்தியாலம் போதும். இராமர் அம்பு விட்டதால் ஊறியது என்பது கதை. உண்மை அதைவிட அழகானது. குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணி அதைக் கரைத்துக் குகை குடைந்திருக்கிறது. ஒரு குகையின் கூரை இடிந்து விழுந்த வாய்தான் இந்தக் கிணறு. மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. நன்னீர் கனம் குறைந்ததால் கடல்நீருக்கு மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள்: அளவு மீறி இறைத்து மேலே ஒரு அடி குறைத்தால் அடியிலிருந்து 40 அடி உப்பு ஏறும். காலையில் பார்த்த தோட்டம் எவ்வளவு மெல்லிய தண்ணிப் படலத்தில் நிற்கிறது என்று உங்கள் மூத்த பிள்ளைக்கு இங்கே வைத்துச் சொல்லுங்கள்.

அங்கிருந்து தோலகட்டி கிட்ட, வசாவிளான் - அச்சுவேலிப் பக்கம். இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். கந்தரோடை பழைய துறவிகளின் ஊர் என்றால், தோலகட்டி இன்றும் துறவிகள் வாழும் ஊர். கத்தோலிக்கத் துறவிகளின் செபமாலைத் தாசர் ஆச்சிரமத்தை 1928இல் தொடக்கியவர் தோமஸ் அடிகளார், யாழ்ப்பாணத்தவர். மிஷன் நாடுகளிலும் தியான மடங்கள் எழ வேண்டும் என்று பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் 1926இல் எழுதியதை யாழ்ப்பாண ஆயர் கியோமர் மனதில் கொண்டு இவரிடம் ஒப்படைத்தார். மௌனம், செபம், தோட்ட வேலை. சாதி பார்த்துப் பந்தி பிரித்த காலத்து யாழ்ப்பாணத்தில் எல்லாச் சாதி இளைஞரையும் ஒரே கூரையின்கீழ் சேர்த்தார் என்பதற்காக நான் அவரைக் கையெடுத்துக் கும்பிடுவேன். தரிசாகக் கிடந்த கலட்டியை, கல்லு நிலத்தை, கையால் திருத்தி முந்திரிகைப் பந்தல் போட்டார்கள். தோலகட்டி நெல்லி ரசமும் முந்திரிகை ரசமும் அந்தப் பெயரிலேயே விலைப்பட்டன. அம்மாவைக் கேளுங்கள், காய்ச்சலுக்கு நெல்லி ரசம் குடித்த நினைவு இருக்கும்.

போரில் அந்தப் பகுதி சனமே வெளியேறியது, மடமும் ஒரு காலம் இடம்பெயர்ந்திருந்தது. உயர் பாதுகாப்பு வலயத்தை அண்டிய ஊர்களில் இன்றும் கூரையில்லாத சுவர்களையும், வீட்டு நடுவில் முளைத்த வேம்பையும் காண்பீர்கள். பிள்ளைகள் கேட்டால் மறைக்க வேண்டாம். காலையில் கண்டது பழைய இடிபாடு, இது நம் காலத்து இடிபாடு. ஆச்சிரமத்துக்குப் போகுமுன் உறவினரைக் கொண்டு கேட்டுவிட்டுப் போங்கள், செப நேரத்தில் போய் நிற்கக் கூடாது. உள்ளே குரல் தாழ்த்திக் கதையுங்கள். நெல்லி ரசம் கிடைத்தால் குளிர்ந்த தண்ணியில் கலந்து ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடியுங்கள், வெயிலுக்கு அதைவிட மருந்தில்லை.

மத்தியானம் வீட்டுக்குத் திரும்பிச் சாப்பிட்டுப் படுங்கள். ஒரே மூச்சில் எல்லாம் பார்க்க வேண்டும் என்று இழுத்தடிப்பதில்தான் பல குடும்பங்களின் பயணம் கெடுகிறது. நயினாதீவை இதே நாளில் சேர்க்க வேண்டாம். குறிகட்டுவான் போய்ப் படகேறித் திரும்பவே அரை நாளுக்கு மேல் போய்விடும். சம்பில்துறைக்கும் போகச் சொல்வார்கள். சங்கமித்தை வெள்ளரசுக் கன்றோடு இறங்கிய சம்புகோளத் துறை அது என்பது மரபு, ஆனால் இன்று காண்பது புதிய கட்டடங்கள்தான். கடலுக்காகப் போகலாம், இடிபாட்டுக்காகப் போக வேண்டாம்.

பின்னேரம் 4 மணிக்குக் கீரிமலை. மாவிட்டபுரம் வழியாகப் போகும்போது குதிரை முகம் மாறிய சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், பிறகு அவள் குளித்த தண்ணியிலேயே குளிக்கலாம். சுவருக்கு அந்தப் பக்கம் கடல் இரைந்துகொண்டிருக்க, இந்தப் பக்கம் கேணியில் ஊற்று. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணி. நிலாவரையில் சொன்ன அதே சுண்ணாம்புக்கல், அதே தண்ணி, கடலுக்குப் போகும் வழியில் இங்கே வெளியே வருகிறது. ஆடி அமாவாசை அந்தக் கிழமையில் வருகிறதா என்று நாட்காட்டியைப் பாருங்கள். வந்தால் பிதிர்க்கடனுக்கு வரும் சனத்தில் நிற்க இடமிருக்காது, அன்று தவிர்த்துவிடுங்கள். படிகள் பாசி பிடித்து வழுக்கும். அம்மா இறங்க வேண்டாம், மேற்படியில் இருந்து காலை மட்டும் நனைத்தால் முழங்காலுக்கு இதமாக இருக்கும். துவாயும் மாற்று உடுப்பும் காலையிலேயே வானில் வைத்துவிடுங்கள். கந்தரோடையில் கிடைத்தவற்றில் சிலதை நாவலர் வீதி நூதனசாலையில் வைத்திருக்கிறார்கள். அதற்கு அடுத்த நாள் ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால், தோட்டத்து மண்ணில் தேடிய கண்ணோடு பிள்ளைகள் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்ப்பார்கள்.